பேட்டரி மாற்றுவதற்கு முன்னால் அடாப்டரைப் பாருங்கள்

பழைய லேப்டாப்பில் சார்ஜ் தகராறு என்றால் எல்லோரும் முதலில் சொல்வது "பேட்டரி போயிடுச்சு, மாத்திடு" என்பதுதான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சித்தப்பாவின் பத்து வயது தாண்டிய லேப்டாப்பில் தொல்லையே வேறு: அடாப்டர் செருகியிருக்கிறது, மூலையில் பிளக் படமும் தெரிகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை, போதாக்குறைக்கு ஒரு எக்செல் ஃபைல் திறக்கவே யுகமாகிறது. "டேய், ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா ஒரு பேட்டரி வாங்கிட்டு வந்துடு" என்றார். இருங்க சித்தப்பா, முதலில் பேட்டரி ரிப்போர்ட்டைப் பார்ப்போம் என்றேன்.

விண்டோஸிலேயே அது இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்) பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, ஒட்டினாற்போல் பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தால் பிரௌசரில் திறக்கக்கூடிய ஒரு ஃபைல் வரும். அதில் டிசைன் கெபாசிட்டி, அதாவது புதிதில் பிடிக்க வேண்டிய அளவு, 48,000 மில்லிவாட் மணி, இப்போது பிடிப்பது 31,000 சொச்சம். இந்த வயதுக்கு அது நல்ல மார்க்தான்.

அப்புறம் அடாப்டர். சில லேப்டாப்களில் அடாப்டர் முனையின் நடுவே ஊசி போல ஒரு பின் இருக்கும். லேப்டாப் ஓடுவதற்கான கரண்ட் அதன் வழியாக வராது, இது எத்தனை வாட் அடாப்டர் என்று லேப்டாப்புக்குத் தெரிவிப்பதுதான் அதன் வேலை. பின் வளைந்தாலோ வயர் கழுத்துப் பக்கம் உள்ளே அறுந்தாலோ லேப்டாப் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும்: ஓடும், ஆனால் சார்ஜ் ஏற்றாது, பிராசசர் வேகத்தையும் இழுத்துப் பிடிக்கும். பயோஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங்ஸ் திரை) போய்ப் பார்த்தால் அடாப்டர் வகை 'அன்னோன்' என்று இருந்தது, டார்ச் அடித்தால் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதே 19.5 வோல்ட், 3.34 ஆம்பியரில் (அதாவது 65 வாட்) வேறு அடாப்டர் போட்டதும் சார்ஜும் ஏறியது, வேகமும் திரும்பியது. வோல்ட் மாறக் கூடாது, ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது.

இன்னொன்று மிச்சம் இருந்தது. 35 சதவீதம் காட்டும்போதே பொட்டென்று அணைந்தது. அந்தச் சதவீதம் நேராக அளந்து சொல்வதில்லை. பேட்டரிக்குள் இருக்கும் சிப், போன கரண்டையும் வந்த கரண்டையும் பால் கணக்கு நோட்டு போலக் கூட்டிக் கழித்து எழுதிக்கொண்டே வருகிறது, நாளாக ஆக கணக்கு உதைக்கும். முழுசாக ஏற்றி, தானாக அணையும்வரை ஓடவிட்டு, மறுபடி முழுசாக ஏற்றினால் நோட்டு சரியாகும். கெபாசிட்டி அதிகமாகாது, அதை எதிர்பார்க்காதீர்கள். சரிசெய்த பிறகும் அப்படியே அணைந்தால் ஏதோ ஒரு செல் படுத்துவிட்டது, அப்போது மாற்றத்தான் வேண்டும். மாதாமாதம் காலிசெய்து ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் நிக்கல் காட்மியம் காலத்துக் கதை, லித்தியத்துக்கு அது கெடுதல்தான். எப்போதும் பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப் என்றால், பயோஸில் வசதி இருந்தால் 80 சதவீதத்தோடு நிறுத்திவையுங்கள்.

டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பக்கம் உப்பினாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அமுக்காமல் குத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதிது வாங்கினால் எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி) எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம், வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 10.8 வோல்ட், 4400 எம்ஏஎச் என்றால் சுமார் 47.5 வாட் மணி. மாட்டிய அன்றே அதே ரிப்போர்ட்டை எடுத்து பில்லோடு வைத்துவிட்டால், வாரண்டிக்குள் ஏதாவது ஆகும்போது கடைக்காரரிடம் பேச வசதி.