எந்த டப்பாவுக்கு எந்த மூடி

மூடி அடுக்கக் கூடை வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. அடுப்படியில் உள்ள அத்தனை டப்பாவையும் மூடியோடு வெளியே எடுத்து, ஹாலில் பாய் விரித்துப் பரப்புங்கள். அடுப்பு மேடையிலேயே செய்யலாம் என்று இறங்கினால் இடம் பற்றாமல் பாதியில் நின்றுவிடும். பரண்மேல் இருக்கும் சம்படம், ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் கிண்ணம், ஆபீஸ் பையிலேயே கிடக்கும் டிபன் பாக்ஸ் என எதையும் விட வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் அதன் மூடியைப் போட்டு அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. குழம்பு, ரசம் எடுத்துப்போகும் டப்பா என்றால் பாதி தண்ணீர் ஊற்றி மூடி, தொட்டிக்கு மேல் அரை நிமிடம் கவிழ்த்துப் பிடியுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அதை இனி உலர்ந்த பண்டத்துக்கு மாற்றிவிடலாம்.

இப்போது பிரிப்பதுதான் முக்கியம். பருப்பு, மாவு, மிளகாய்த்தூள், சர்க்கரை போட்டு வைக்கும் டப்பாக்களின் மூடிக்குத் தனி இடமே தேவையில்லை. அது எப்போதும் டப்பாவின் மேலேயே இருக்கும். காலியானாலும் அப்படித்தான். ஆனால் காலி டப்பாவை இறுக்கி மூடக்கூடாது, உள்ளே துளி ஈரம் இருந்தாலும் ஒரு வாரத்தில் புழுங்கல் வாடை ஏறிவிடும். மூடியை மல்லாத்தி வாய்மேல் வைத்துவிட்டால் காற்றும் போகும், தூசும் விழாது. தனி இடம் கேட்பவை, மிச்சம் மீதி எடுத்து வைக்கவும் சாப்பாடு கட்டவும் தினம் புழங்கும் டப்பாக்களின் மூடிகள் மட்டுமே. இந்த டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுவோம், அதனால்தான் மூடி பிரிகிறது. பிரித்துப் பார்த்தால் பல வீடுகளில் ஒரே ஒரு கூடைக்குத்தான் மூடி தேறும்.

அந்தக் கூடைக்கு அளவு உண்டு. அகலம் உங்களிடம் உள்ள பெரிய மூடியைவிட 2 செ.மீ. கூடுதல், நீளம் 25 முதல் 30 செ.மீ., உயரம் பெரிய மூடியின் விட்டத்தில் பாதிக்குச் சற்று மேல். இதைவிடத் தாழ்ந்தால் மூடிகள் சரியும், உயர்ந்தால் சின்ன மூடிகள் அடியில் போய் மறையும். மூடிகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். அடியில் இருப்பதை உருவப் போனால் மேலே இருப்பது எல்லாம் கலையும், ஒரே நாளில் பழைய கதைதான். புத்தகம் நிறுத்துவதுபோல் நிறுத்தி, பெரியது பின்னால், சிறியது முன்னால். சதுர மூடி தானாக நிற்கும். வட்ட மூடி உருளும், அதற்கு மட்டும் தடுப்பு வேண்டும். பழைய தட்டு ஸ்டாண்டைக் கூடைக்குள் இறக்கினால் வேலை முடிந்தது. கூடையில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். கை நுழையாத அளவு நெருக்கினால் அவசரத்தில் யாரும் திருப்பி நிறுத்த மாட்டார்கள், மேலே வீசிவிட்டுப் போவார்கள்.

டப்பாக்கள் இருக்கும் அலமாரித் தட்டிலேயே கூடையும் இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டு வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப்புகை மூடியில் படிந்து, அதில் தூசு ஒட்டி, பிசுபிசுப்பு ஏறும். அலமாரிக் கதவின் உள்பக்கம் கம்பி அடித்து மூடி சொருகும் முறை படத்தில் அழகாக இருக்கும். நம் ஊர் வீடுகளில் கடப்பாக்கல் தட்டு பெரும்பாலும் சட்டம் வரைக்கும் நீண்டிருக்கிறது. கல்லின் விளிம்புக்கும் மூடிய கதவுக்கும் இடையில் குறைந்தது 5 செ.மீ. இல்லையென்றால் கதவு சாத்தாது. அளந்த பிறகு துளை போடுங்கள். ஒட்டும் கொக்கியைச் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் பூசிய சுவரில் ஒட்டுவது வீண், பூச்சோடு உரிந்து விழும்.

எவர்சில்வர் சம்படத்துக்கு வேறு தொல்லை. ஐந்து சம்படம் செட்டாக வாங்கியிருப்போம், அடுத்தடுத்த அளவு மூடிகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் சின்ன மூடியை அழுத்தி ஏற்றினால் விளிம்பு மடங்கும், பிறகு அதன் சொந்தச் சம்படத்துக்கும் சேராது. பாத்திரத்தில் பெயர் வெட்டும்போது எல்லோரும் சம்படத்தில் மட்டும் வெட்டச் சொல்கிறார்கள். மூடியிலும் வெட்டச் சொல்லுங்கள், கூடவே 1, 2, 3 என்று இரண்டிலும் ஒரே எண். விசேஷ வீட்டுக்குப் பலகாரம் போட்டு அனுப்பியது திரும்பி வரும்போது மூடி மாறி வந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் எண் போடலாம். மார்க்கர் பேனா எண்ணெய்க் கைக்கு நிற்காது. மூடி கோணியிருக்கிறதா என்று பார்க்க, கடப்பாக்கல்மேல் கவிழ்த்து வைத்து விளிம்போரம் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.

சூடாகப் போட்டு மூடிய சம்படம் ஆறியதும் திறக்காது. உள்ளே இருக்கும் நீராவியும் காற்றும் குளிர்ந்து சுருங்குவதால் வெளிக்காற்று மூடியை அழுத்துகிறது. கத்தியால் நெம்பினால் விளிம்பு போய்விடும். அடிப்பாகத்தை இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் வைத்தால் தானாக இளகும். ராகி மாவிலும் இதே சூடுதான் வில்லன். மில்லிலிருந்து வரும் மாவு வெதுவெதுப்பாக இருக்கும். உடனே டப்பாவில் கொட்டி மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, மேல் மாவு கட்டி தட்டும். களி கிண்டும்போது அந்த வாடை தெரியும். துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டு மூடுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். டப்பா 5, மூடி 4 என்று இருப்பது சாதாரணம். 5 பாலிப்ரொப்பிலீன், சூடு தாங்கும். 4 மெத்தென்ற பாலிஎத்திலீன். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் வளைந்து, ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். அப்படி ஆனால் கை பொறுக்கும் சூட்டில் சற்றுநேரம் ஊறவிட்டு, டப்பாவில் மாட்டியபடியே ஆறவிடுங்கள், லேசான வளைவு சில சமயம் சரியாகும். 1 என்று போட்ட பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் சூடே ஆகாது.

நாலு பக்கம் கிளிப் வைத்த லாக் டப்பாவில் கெடுவது வாஷர்தான். தயிர், பருப்பு எடுத்துப்போகும் டப்பா என்றால் வாரத்துக்கு இரண்டு தரமாவது வாஷரைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய உதடு போன்ற பக்கம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது பிறகு நினைவு வராது, மாற்றிப் போட்டால் கசியும். ஸ்பூன் காம்பால் ஒரு மூலையைத் தூக்கி இழுங்கள். கத்தி நுனி பட்டு முடியளவு கீறல் விழுந்தாலும் வாஷர் வீண். பள்ளத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை, ஈரத்தோடு மாட்டியதன் பலன். பழைய டூத் பிரஷால் சோப்பு போட்டுத் தேய்த்து, வாஷரையும் மூடியையும் தனித்தனியே இரவு முழுக்க உலரவிடுங்கள். வெள்ளை சிலிக்கான் வாஷரில் ஊறுகாய் வாடை ஏறினால் அரை நாள் வெயில் காட்டலாம். குக்கரின் கறுப்பு ரப்பரை மட்டும் வெயிலில் போடாதீர்கள், விறைத்து வெடிக்கும்.

மூடியில் படியும் வெள்ளைப் படலம் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போர் தண்ணீரின் கைவரிசை. கால்சியம், மெக்னீசியம் உப்புகள். கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு, உடனே துணியால் துடைத்தால் படலம் குறையும். ஏறிப்போனதற்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கால் மணி நேரம் ஊற வையுங்கள். அதைவிட, குழம்புக்குக் கரைத்து மிஞ்சிய புளிச்சக்கையே போதும், இந்த ஊரில் புளிக்கா பஞ்சம்? அலுமினிய மூடியில் மட்டும் புளியை ஊற விடாமல் தேய்த்ததும் கழுவுங்கள்.

மாங்காய் ஊறுகாய்க்கும் உப்புப் போட்ட புளிக்கும் தகர மூடி ஆகாது, துருப்பிடிக்கும். மட்டமான எவர்சில்வரிலும் உப்பு சின்னச் சின்னக் குழி பறிக்கும். ஜாடி, அதன் பீங்கான் மூடி, மேலே வெள்ளைத்துணிக் கட்டு, இதற்கு மிஞ்சியது இல்லை.

புதிதாக வாங்குவதானால் ஒரே வாய் அகலத்தில் ஆழம் மட்டும் மாறும் டப்பாக்களாகப் பாருங்கள். ஒரே மூடி எல்லாவற்றுக்கும் பொருந்தும், கூடையும் பாதியாகக் குறையும். ஓட்டல் பார்சல் டப்பாக்களில் ஒரே மாதிரி ஆறு வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம்.

பாயில் கடைசியில் ஜோடி இல்லாமல் கிடப்பவற்றை ஒரு பையில் போட்டு ஒரு மாதம் வையுங்கள். பக்கத்து வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கும் டப்பா அதற்குள் திரும்பிவிடும். அப்புறமும் மிஞ்சும் எவர்சில்வர் மூடிகளைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போடலாம். பிளாஸ்டிக்கில் எண்ணெய்க் கேனுக்கு அடியில் வைக்க இரண்டு எடுத்துக்கொண்டு, மீதியைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.