பத்து நாள்

கடைசி ஏழு மாதங்களில் அம்மாவுக்குக் கண் தெரியாமல் போயிற்று. அதனால் ராத்திரி வேதவாசிப்பு என் பொறுப்பானது. பைபிளில் சங்கீதப் புத்தகத்தைத்தான் கேட்பார் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன். "வெளிப்படுத்தல் எடு கண்ணு" என்றார்.

எனக்கு பைபிளின் கடைசிப் பகுதியான அந்தப் புத்தகம் என்றாலே சின்ன வயதிலிருந்து பயம். கடைசிக் காலத்தைப் பற்றிய கூட்டங்களில் துணியில் வரைந்த ஒரு நீளப் படத்தை மாட்டியிருப்பார்கள். முத்திரைகள், எக்காளங்கள், கலசங்கள், மிருகம் என்று வரிசையாக இருக்கும். அன்று ராத்திரி விழிப்பு வந்தால், வீட்டில் எல்லோரும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு நான் மட்டும் விடப்பட்டேனோ என்று இருட்டில் அம்மாவைத் தடவிப் பார்ப்பேன். சபை, கடைசியில் வரும் பெருந்துன்பமான உபத்திரவ காலத்துக்கு முன்னே எடுக்கப்படுமா, அதன் வழியாகப் போகுமா என்று இன்றும் விசுவாசிகள் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. ஏழாம் அதிகாரத்தில் வெள்ளை அங்கி தரித்து நிற்கிறவர்களைப் பற்றி, பரலோகத்தில் இருக்கும் மூப்பன் ஒருவன் சொல்வது, அவர்கள் "மிகுந்த உபத்திரவத்திலிருந்து வந்தவர்கள்" என்பதுதான். எந்த வருடம் வந்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. வந்து சேர்ந்துவிட்டார்கள், அது போதும்.

அம்மாவுக்குப் பிடித்த இடம் சிமிர்னா என்ற பழைய நகரத்தின் சபைக்கு எழுதின கடிதம். இரண்டாம் அதிகாரம், 8 முதல் 11 வரை, நாலே வசனம். இப்படிக் கடிதம் பெறுகிற ஏழு சபைகளில் சிமிர்னாவையும் பிலதெல்பியாவையும் மட்டும்தான் ஆண்டவர் ஒரு குறையும் சொல்லாமல் விடுகிறார். ஆனால் குறை இல்லாத சபைக்குத்தான் காவல், உபத்திரவம், மரணம் எல்லாம் முன்னறிவிக்கப்படுகிறது. கஷ்டம் வந்தால் எங்கே பாவம் செய்தாய் என்று தேடுகிறவர்கள் இதை நிதானமாக வாசிக்க வேண்டும். அம்மாவின் கட்டிலருகே வந்து ஜெபித்த ஒருவரே அப்படிக் கேட்டார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

"பத்துநாள் உபத்திரவப்படுவீர்கள்" என்ற இடம் வந்ததும் அம்மா கையைத் தூக்குவார். நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். "எண்ணி வச்சிருக்கார் பாரு. பதினொண்ணாவது நாள் பிசாசுக்குக் கிடையாது." தினமும் இதே வார்த்தைகள்தான். அது நிஜமாகவே பத்து நாளா, குறுகிய காலத்துக்கு அடையாளமா என்று உரையாசிரியர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். அம்மா அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே ஏழு மாதம் படுத்திருந்தார்.

அதற்கு அடுத்தது, "மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்." கிரீடம் என்றதும் எனக்கு ராஜாவின் பொன்முடிதான் மனதில் வரும். மூலமொழியில் அது ஸ்தெபானோஸ், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவன் தலையில் சூட்டும் இலை வளையம். கடைசிவரை ஓடினவனுக்கு உரியது. அதைத் தருகிறவர் தம்மை "மரித்திருந்து பிழைத்தவர்" என்று சொல்லித்தான் கடிதத்தையே தொடங்குகிறார்.

அதே சிமிர்னா சபையின் தலைவரான கண்காணி (பிஷப்) பொலிகார்ப்பை இரண்டாம் நூற்றாண்டில் பிடித்துக் கொண்டுபோய், கிறிஸ்துவைத் தூஷித்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். 86 வருடம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை இரட்சித்த ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்றார் கிழவர். இதை அம்மாவுக்குச் சொன்ன அன்று அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அவர் நாமத்துக்காகச் செத்தார். நான் வியாதியிலதானே கிடக்கிறேன். எனக்கு உண்டா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆறுதலுக்காக இட்டுக்கட்டவும் கூடாது. மூன்றாம் நாள் யாக்கோபு நிருபம் 1:12 கண்ணில் பட்டது. அதே ஜீவகிரீடம். சோதனையைச் சகிக்கிறவனுக்கு என்றும், கர்த்தர் தம்மிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு வாக்குப்பண்ணினது என்றும் இருக்கிறது. வாசித்துக் காட்டினேன். "அன்புகூருகிறவர்களுக்கா?" என்று திரும்பக் கேட்டார். "சரி, அது என்னால முடியும்."

பலனுக்காக விசுவாசிப்பது சுயநலம் இல்லையா என்று ஒரு தோழி கேட்டாள். மோசே இனிவரும் பலன்மேல் நோக்கமாயிருந்தான் என்று எபிரெயர் நிருபம் அவனைப் பாராட்டித்தான் எழுதுகிறது. இயேசுவும் தமக்குமுன் வைத்திருந்த சந்தோஷத்தின்பொருட்டுச் சிலுவையைச் சகித்தார். அம்மாவின் தேவைகளைப் பார்த்தவள் நான். அவர் ஆசைப்பட்டது பொன்வீதியை அல்ல. படுக்கையில் அவருடைய இடது கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், துடைக்கக் கை எட்டாது. நான்தான் துணியால் ஒற்றி எடுப்பேன். ஒருநாள் அப்படி ஒற்றும்போது, கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார் என்ற 21-ஆம் அதிகார வசனத்தைத் தாமாகவே சொல்லிவிட்டு, "துடைக்கணும்னா இவ்வளவு கிட்ட வரணும்ல கண்ணு" என்றார்.

கடைசி ராத்திரி பேச்சு நின்றுபோயிருந்தது. வழக்கம்போல எட்டாம் வசனத்திலிருந்து வாசித்தேன். பத்துநாள் என்ற இடத்தில் கை உயரவில்லை. நானே நிறுத்தினேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மீதி வசனத்தை வாசித்தேன்.