மடுவத்துத் தராசுகளும் லினக்ஸும்: நான் பட்ட பாடு

இலங்கையின் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், அதோடு யூஎஸ்பி சீரியல் கேபிள் போட்ட இரண்டு மின்தராசுகள். லினக்ஸும் நிறுவை மென்பொருளும் சிக்கலில்லாமல் ஏறிவிட்டன. உயிரை எடுத்தது கேபிள்.

செருகியதும், கேபிளுக்கு லினக்ஸ் உருவாக்கும் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற சாதனக் கோப்பு ஒரு கணம் வரும், உடனே காணாமல் போகும். கொட்டும் மழையில் பஸ் பிடித்து, ஹட்டனில் கேபிளை வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் தன் விண்டோஸ் கணினியில் செருகிக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு தம்பி, அந்த லினக்ஸைத் தூக்கிப் போடுங்க" என்றார். அந்தப் பதிலை நினைத்தால் இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து டிமெசேஜ் என்ற லினக்ஸ் கெர்னல் பதிவைப் படித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பார்வையற்றோரின் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், இந்த மலிவு கேபிளின் சிஎச்340 சில்லைப் பிரெயில் கருவி என்று எண்ணிப் பறித்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே அடையாள எண்ணைப் பயன்படுத்துவதுதான் காரணம். மடுவத்தில் அது யாருக்கும் தேவையில்லை, நீக்கிவிட்டேன். தேவைப்படுகிறவர் இருந்தால் நீக்காதீர்கள். செருகும் சாதனங்களை லினக்ஸில் கையாளும் யூடெவ்வுக்காக அது வைத்திருக்கும் விதிக்கோப்பில் 1ஏ86:7523 என்ற எண்ணுக்கான வரியை மட்டும் முடக்கினால் போதும்.

அடுத்தது, டிடிஒய்யூஎஸ்பி0 கோப்பைத் திறக்க அனுமதி மறுப்பு. இதற்குச் சிஎச்மாட் 666 என்று, எல்லாருக்கும் அனுமதி தரும் கட்டளையைப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கேபிளைக் கழற்றி மாட்டினாலோ கரண்ட் போய் வந்தாலோ அந்தக் கோப்பு புதிதாக உருவாகும், அனுமதியும் பழையபடி ஆகிவிடும். சீரியல் சாதனங்களைத் திறக்க அனுமதி உள்ள டயலவுட் குழுவில் பயனரைச் சேர்ப்பதுதான் சரியான வழி. அதற்கான யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜிக்கு முன்னால் சின்ன ஏ கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டால் நிர்வாக அதிகாரம் தரும் சுடோ உட்பட மற்றக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் பயனர் வெளியேற்றப்படுவார். அப்புறம் லாக் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள், அதுவரை எதுவும் மாறாது.

எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது பெயர்க் குழப்பம். கரண்ட் போய் வந்தால் டிடிஒய்யூஎஸ்பிக்குப் பின்னால் வரும் 0, 1 என்ற எண்கள் இடம் மாறிவிடலாம். அப்படி மாறினால் ஒரு தராசில் நிற்கும் அக்காவின் கிலோ அடுத்த தராசில் நிற்பவரின் கணக்கில் விழும். நாள் முழுக்க அட்டைக்கடியில் கொழுந்து எடுத்தவருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தால் யார் பதில் சொல்வது? கணக்கப்பிள்ளை ஐயாவிடம் இதைச் சொன்னதும், "அது சரியாகும் வரைக்கும் கையால எழுதுவோம்" என்று பழைய புத்தகத்தை எடுத்துவிட்டார். அதுதான் நியாயம்.

யூடெவ் விதி எழுதித் தராசுக்கு நிலையான பெயர் கொடுக்கலாம். ஆனால் சிஎச்340 கேபிள்களில் பொதுவாகத் தொடரிலக்கம் கிடையாது. இரண்டுக்கும் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் ஒன்றே, அதனால் அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. கையில் மிஞ்சுவது கணினியின் எந்த யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பது மட்டும். யூடெவ்ஏடிஎம் இன்ஃபோ என்ற கட்டளை காட்டும் பட்டியலில், துளையைக் குறிக்கும் 1-1.2 போன்ற கெர்னல்ஸ் மதிப்பை எடுத்து, சிம்லிங்க் என்ற மாற்றுப்பெயர் வழியாகத் தராசு1, தராசு2 என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டேன். பொருத்திப் பார்க்கும் இடத்தில் இரட்டைச் சமக்குறி, பெயர் கொடுக்கும் இடத்தில் கூட்டலும் சமமும். ஒரே விதியில் வரும் கெர்னல்ஸும், தயாரிப்பாளர் எண் போன்றவற்றைத் தரும் ஏடிடிஆர்எஸும் பட்டியலில் ஒரே தாய்ச்சாதனத்தின் கீழ் இருக்க வேண்டும்; பட்டியலில் வேறு சாதனமாக வரும் 1-1.2:1.0 என்பதன் மதிப்பைக் கலந்தால் விதி பேசாமல் தோற்கும், பிழைச் செய்தி கூட வராது. இதிலேயே ஓர் இரவு போனது.

விதிகளை மறுபடி ஏற்றி, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். இரண்டு தராசும் தத்தம் பெயரிலேயே வந்து நின்றன. அப்பாடா! ஐயா 5 கிலோ படிக்கல்லை மாறி மாறி வைத்துப் பார்த்த பிறகுதான் புத்தகத்தை மூடினார்.

பெயர் துளையோடு கட்டுப்பட்டது என்பதால் துளைகளுக்குப் பெயின்ட் அடையாளம் போட்டிருக்கிறேன். புதிதாக வாங்குபவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தொடரிலக்கம் உள்ள எஃப்டிடிஐ சில்லுக் கேபிளாகக் கேளுங்கள். அந்தத் தொடரிலக்கத்தை வைத்து விதி எழுதினால், எந்தத் துளையில் செருகினாலும் பெயர் மாறாது.