கிழங்கு அழுகுதாம்!

கடைசியில் சித்தப்பா ஆர்4 கார்ட் வாங்கியே விட்டார் (மைக்ரோஎஸ்டியில் இருக்கும் கேமை நின்டெண்டோ டிஎஸ்ஸில் ஓட்டும் கார்ட்). கலா அக்கா காலேஜ் படிக்கும்போது வைத்திருந்த வெள்ளை டிஎஸ் லைட் என்ற கையடக்க கேம் கன்சோல், பீரோ மேல்தட்டில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியது. லீவுக்கு வந்த சின்னவன் கண்ணில் பட்டதுதான் வினை.

முதலில் சார்ஜர் வேட்டை. சித்தியின் ஒயர் டப்பாவில் நோக்கியா காலத்திலிருந்து எல்லாம் இருக்கும். டிஎஸ் லைட்டுக்கு மட்டும் எதுவும் சேராது. பழைய தடித்த டிஎஸ்ஸுக்கும் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பிக்கும் ஒரே சார்ஜர். பின்னால் வந்த டிஎஸ்ஐக்கும் 3டிஎஸ்ஸுக்கும் இன்னொன்று. நடுவில் பிறந்த லைட்டுக்குத் தனி முனை. அதற்கென்றே யூஎஸ்பி ஒயர் விற்கிறது, வாங்கினோம். சார்ஜ் ஏறவில்லை. பின்பக்கம் பேட்டரி மூடிக்கு ஒரே ஒரு சாதாரண பிளஸ் ஸ்க்ரூதான் (முழுக் கூட்டையும் திறக்கத்தான் மூன்று கால் டிரைவர் வேண்டும்). கழற்றினால் பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. உப்பிய பேட்டரியை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. சித்தப்பா மூன்றுக்கும் தயாராக இருந்தார், பிடுங்கி வைத்தாயிற்று. மாற்று பேட்டரிக்கு யூஎஸ்ஜி-003 என்று தேடுங்கள்: 3.7 வோல்ட், 1000 எம்ஏஎச். அதே அளவுக் கூட்டில் 2000 என்று போட்டிருந்தால் அந்த ஆயிரம் மை மட்டும்தான்.

இதற்குள் கார்ட் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்குமுன்பே சித்தப்பா ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார். "டெலிவரி தம்பி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், நல்ல பொருள்." சிரிக்காதீர்கள், அந்தப் பொருளுக்குக் கீழே இருக்கும் மற்ற விமர்சனங்களும் இதே ரகம்தான். பேக்கிங் சூப்பர், இன்னும் உபயோகிக்கவில்லை, அருமை. எந்தக் கர்னல் (கார்டை ஓட்டும் மென்பொருள்), என்ன மெமரி கார்ட் என்று ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே!

ஆர்4 என்ற பெயரை நம்பியும் பயனில்லை. நின்டெண்டோவும் 54 விளையாட்டு நிறுவனங்களும் தொடுத்த வழக்கில், டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2009 பிப்ரவரியிலேயே ஜப்பானில் இந்தக் கார்டின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை போட்டது. அசல் மறைந்துபோய், பெயர் ஊர்ச் சொத்தாகிவிட்டது. இப்போது ஸ்டிக்கர் அடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் ஆர்4தான். ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில் ஓர் இணைய முகவரி இருக்கும், கார்டின் ஜாதகம் அதுதான். அந்த முகவரிக்கு உரிய கர்னலைத்தான் போட வேண்டும். பக்கத்து வீட்டு ஆர்4இன் கர்னலைப் போட்டால் இரண்டு திரையும் வெள்ளையாக முறைக்கும்.

கார்டுக்குள் கர்னல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது மைக்ரோஎஸ்டியில் இருக்க வேண்டும். கூட வந்த மைக்ரோஎஸ்டி துடைத்து வைத்த சிலேட்டு. கர்னல் ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபைல்களை வேரிலேயே, அதாவது மைக்ரோஎஸ்டியின் முதல் மட்டத்திலேயே கொட்ட வேண்டும். ஃபோல்டரோடு தூக்கிப் போட்டால் 'டிஎஸ் மெனு' ஃபைலைக் காணவில்லை என்று ஒரு வரி வரும். பாதிப் பேர் கார்ட் செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புவது இந்த இடத்தில்தான். சித்தப்பாவோ கார்டைக் கழற்றி வாயால் ஊதினார். ஊதினால் எச்சில் ஈரம்தான் ஏறும். காண்டாக்ட் கறுத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காதுக்குச்சி போதும்.

அந்த மைக்ரோஎஸ்டியில் 32 ஜிபி என்று போட்டிருந்தது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்ததில் உருப்படியாக இருந்தது 8க்கும் குறைவு. போலிக் கார்ட் முதல் சில ஜிபி வரை யோக்கியமாக நடந்துகொள்ளும், அதைத் தாண்டி எழுதுவதெல்லாம் கிணற்றில் போட்ட கல். அதனால்தான் வாங்கிய அன்று எல்லாக் கேமும் ஓடும், விமர்சனமும் பொங்கும். பத்து நாள் கழித்து சேவ் ஃபைல் காணாமல் போகும்போது திரும்ப வந்து எழுத யாருக்குப் பொறுமை? தெரிந்த கடையில் ஒரு 8 ஜிபி வாங்கி, ஃபேட்32 முறையில், 32 கேபி கிளஸ்டர் (சேமிக்கும் கட்டத்தின் அளவு) வைத்து ஃபார்மட் செய்தால் தாராளம். டிஎஸ்ஸில் ஆகப் பெரிய கேமே 512 எம்பிதான். 64 ஜிபி எக்ஸ்ஃபேட்டில் வரும், இந்தக் கார்டுகளுக்கு அது தெரியாத பாஷை.

கேம் ஒழுங்காக சேவ் ஆகிறதா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. கேமில் சேவ் செய்து, மெனுவுக்குத் திரும்பி, அணைத்து, மைக்ரோஎஸ்டியை உருவி மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். சேவ் அப்படியே இருந்தால் அதற்குப் பிறகு நட்சத்திரத்தைப் பற்றிப் பேசலாம்.

எல்லாம் சரியாகி மெனு வந்தது. பேட்டரியைக் கழற்றியதில் டிஎஸ்ஸின் கடிகாரம் தேதியை மறந்திருந்தது. தினசரி காலண்டரைப் பார்த்து இன்றைய தேதியைச் சித்தப்பா பொறுப்பாக வைத்தார். அவ்வளவுதான், கார்ட் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. இந்த நகல் கர்னல்கள் சிலவற்றில் காலாவதித் தேதி ஒளிந்திருக்கிறது. கன்சோல் கடிகாரம் அந்தத் தேதியைத் தாண்டினால் 'புதுசு போடு' என்று சொல்லி நின்றுவிடும். புதுக் கார்ட் வாங்க வைக்கும் வியாபாரம், வேறென்ன? நிரந்தர வைத்தியம், கர்னலைத் தூக்கிவிட்டு ஒய்எஸ்மெனு என்ற மாற்று மென்பொருளைப் போடுவது. தற்காலிக வைத்தியம், தேதியைப் பின்னால் தள்ளுவது.

ஒய்எஸ்மெனு இறங்குவதற்குள் சித்தப்பா தற்காலிக வைத்தியத்தை முடித்திருந்தார். அவருக்கு யோசிக்காமல் வரும் தேதி ஒன்றுதான், ஜூன் 14. வருஷம் 2012 என்று வைத்து, அணைத்துப் போட்டார். வழக்கமான சத்தம் வராமல் வேறொரு குட்டி ராகம் வந்தது.

"பழுதாயிடுச்சுடா!"

பழுதில்லை. டிஎஸ்ஸில் சொந்தக்காரரின் பிறந்தநாளைப் பதிந்து வைத்திருந்தால் அன்றைக்கு மட்டும் ஆரம்ப ராகம் மாறும். பெயரும் பிறந்தநாளும் கன்சோலின் உள்நினைவில் இருப்பதால் பேட்டரி போனாலும் அவை போகாது. செட்டிங்ஸைத் திறந்தால் ஆங்கில எழுத்தில் 'கலாகுட்டி', ஜூன் 14. சித்தப்பா உடனே சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டு, ராகத்தை நாலு தடவை கேட்க வைத்தார். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கலா அக்காவும் நாலு தடவையும் கேட்டது.

ஒய்எஸ்மெனு போட இன்றுவரை அனுமதி இல்லை. தினமும் சாயங்காலம் தேதியை ஜூன் 14க்குத் தள்ளி, ராகத்தைக் கேட்டுவிட்டுத்தான் சின்னவன் கையில் கொடுக்கிறார். சின்னவன் ஆடுவது அனிமல் கிராஸிங். ஞாயிற்றுக்கிழமை டர்னிப் கிழங்கு வாங்கி, விலை ஏறியதும் விற்கும் சமாச்சாரம். அதில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் கையிருப்புக் கிழங்கு மொத்தமும் அழுகிவிடும். அவன் முதலீடு முழுக்கப் போச்சு, வீட்டில் ஒரே ரகளை.

சித்தப்பா கடைக்காரருக்குக் காட்டமாகப் புகார் அனுப்பினார்: "உங்கள் கார்டில் கிழங்கு அழுகுகிறது." மிகவும் வருந்துகிறோமாம். அழுகிய கிழங்கின் புகைப்படத்தை, பில்லோடு சேர்த்து, 48 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டுமாம்.