வியாழக்கிழமை எட்டு மணி, மொட்டை மாடி

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. அம்மா, நான், ஆறு வயதுப் பையன். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் சமையலறை வரை கேட்கும். அதனால் வீடியோ அழைப்பில் என் மனநலச் சிகிச்சை முழுக்க மொட்டை மாடியில், சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால்தான் நடந்தது. கவிழ்த்த பக்கெட் மேல் நான், குழாயில் சாய்த்த போன். வியாழன் இரவு எட்டு மணி, ஐம்பது நிமிடம்.

முதலில் ஒரு ஆப் வழியாக ஒருவர் கிடைத்தார். ஆங்கிலத்தில் பேசினோம். அடி உதையாகப் போன எட்டு வருட மணவாழ்க்கையை ஆபீஸில் ஸ்டேட்டஸ் சொல்வதுபோல் கால் மணி நேரத்தில் சொல்லி முடித்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இரண்டாவது முறையே, "உங்க கணவரை மன்னிச்சிடுங்க, நிம்மதி உங்களுக்குத்தான்" என்ற பொருளில் பேசினார். அப்புறம் விசாரித்தால் அவர் முடித்திருந்தது ஆறு வாரக் கோச்சிங் வகுப்பு. பணம் போனதுகூடப் பெரிதில்லை, மூன்று மாதம் வேறு யாரையும் தேடவே மனசு வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவை. எங்கள் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதற்குத் தலைமை மையம். தமிழில் பேச ஆள் கிடைத்தார். யாராவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காதீர்கள் என்றார். அடுத்து நான் தேடிப் பிடித்த கோயம்புத்தூர் மேடத்திடம் அதைத்தான் முதலில் கேட்டேன். கோபப்படாமல் உடனே அனுப்பினார். பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிட்டது. கட்டணம் 1,200 ரூபாய், வாராவாரம் கட்டாது என்று வெளிப்படையாகச் சொன்னேன், 900 ஆக்கினார். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

முதல் நாள் கதையையே கேட்கவில்லை. இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று முழு முகவரி. ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? ஓசூரில் இருக்கும் அக்கா. நெட் போனால் இரண்டு நிமிடத்தில் மேடமே போனில் கூப்பிடுவார். யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் நான் சொல்ல ஒரு வாக்கியம், அதைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிடுவார். "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு" என்று முடிவு செய்தோம். ஒருநாள் பையன் படியேறி வந்ததும் அதைச் சொன்னேன். "எங்கம்மா சிலிண்டர்?" என்று மாடி முழுக்கத் தேடினான்.

ஆறு வாரம் மூச்சுப் பயிற்சியும் தூக்கக் கணக்கும்தான். காசு கொடுத்து மூச்சுவிடக் கற்றுக்கொள்ளவா வந்தேன் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "இப்பவே தோண்டினா, கால் கட் பண்ணினதுக்கு அப்புறம் ராத்திரி முழுக்க அதோட தனியா இருக்கப்போறது நீங்க. இங்கிருந்து நான் உங்க கையைக்கூடப் பிடிக்க முடியாது" என்றார். சரிதான் என்று தோன்றியது. என்னை உலுக்குவது பைக் ஸ்டாண்ட் போடும் சத்தம். எங்கள் சந்தில் அது ராத்திரி முழுக்கக் கேட்கும். அப்போதெல்லாம் மனசை இந்த நிமிடத்துக்கு இழுத்துவர ஒரு பயிற்சி: கண்ணுக்குத் தெரியும் ஐந்து, தொட முடிந்த நான்கு, காதில் விழும் மூன்று, மணக்கும் இரண்டு, நாக்கில் ருசிக்கும் ஒன்று. கடைசிக்காகப் பையில் எப்போதும் உப்பு நெல்லிக்காய்.

ஏழாவது வாரம் பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எப்பவும் 'அவர் கை நீட்டிட்டார்'னே சொல்றீங்க, கவனிச்சீங்களா?" என்றார். கவனித்ததே இல்லை. கை ஒடிந்த கதையைக்கூட 'ர்' போட்டு மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் 'ஹீ' என்றால் அவனும் ஒன்று, அவரும் ஒன்று. அங்கே ஒன்றும் வலிக்காதது அதனால்தானோ என்னவோ. மாற்றிச் சொல்லுங்கள் என்று அவர் வற்புறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்து, நினைக்காமலே, "அடிச்சான்" என்று வந்துவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நேரம் பார்த்து யாரோ மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது. "சத்தம் கேக்குது, தண்ணியா? கால்ல படுதா? ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருக்கு, இருக்கு என்று சொல்லச் சொல்ல மூச்சு திரும்பியது.

அப்புறம் ஈ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சை முறை. 1987-ல் ஃபிரான்சீன் ஷப்பீரோ என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கியது. நினைவை மனசில் வைத்துக்கொண்டு கண்ணை இடமும் வலமும் ஓட்டுவது. எங்களுக்கு வீடியோவில் வேறு வழி: கைகளை மார்பில் குறுக்கே வைத்துத் தோள்களை மாற்றி மாற்றித் தட்டுவது. எதிர் மாடிப் பாட்டி, "பிள்ளையாருக்கு வேண்டுதலாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கை ஒடிந்த ராத்திரியின் காட்சி மறைந்துவிடவில்லை, இருக்கிறது. சத்தத்தைக் குறைத்து வைத்த டிவி மாதிரி.

தூக்கத்துக்கு மாத்திரை எழுத மேடத்தால் முடியாது, மனநல மருத்துவரிடம் அனுப்பினார். ஐந்து மாதம் சாப்பிட்டேன், மருத்துவர் சொன்னபடி குறைத்து நிறுத்தினோம்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் பொறுத்துப் போடி" என்று எட்டு வருடமும் சொன்னவள். அவன் மேல் இருந்ததைவிட அவள் மேல்தான் கோபம் அதிகம் என்று சிகிச்சையில்தான் தெரிந்தது. நாலாவது மாதம் ஒரு வியாழன் மேலே போனால் தொட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் கொசுவத்திச் சுருள். "பக்கெட்ல உக்காந்தா இடுப்பு போயிடும்" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பேசுகிறேன். அம்மாவிடம் அந்தக் கோபத்தைப் பற்றிய பேச்சை எப்படித் தொடங்குவது என்பதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் தொடங்கவில்லை. என் அழைப்பு இல்லாத வியாழக்கிழமையும் ஏழே முக்காலுக்கு அம்மா சுருளை ஏற்றி வைத்துவிட்டு வருகிறாள்.