‘வாக்கிங் போங்க, சரியாயிடும்’ என்றார் டாக்டர்

என் மனச்சோர்வு போன ஆடியில் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று எண்ணக்கூட மனம் நிற்கவில்லை. இதைச் சொல்லத்தான் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஒண்ணும் இல்லம்மா, காலைல வாக்கிங் போங்க, எல்லாம் சரியாயிடும்." ஃபீஸ் 400 ரூபாய்.

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயது தாண்டிய, மனச்சோர்வு உள்ள 156 பேரை மூன்றாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு செர்ட்ராலின் மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பிரிவுமே ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. 1999-ல் வெளிவந்த ஆய்வு. ஆனால் அவர்களை யாரும் 'போய் நடங்க' என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், குழுவாக, பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொள்ள, உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். படுக்கையை விட்டு எழவே முடியாததுதான் என் வியாதி. அப்படிப்பட்டவளிடம் எழுந்து நட என்றால்?

வீட்டுக்காரர் பதறிப்போய் ஜிம்மில் ஒரு வருடத்துக்கு 9,000 ரூபாய் கட்டினார். அங்கே இருந்த பையன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறைக்கணும்கா?" ஆறு நாள் போனேன். பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறார்கள். தயவுசெய்து மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்.

கடைசியில் அரசு மருத்துவமனை. முதல் தடவை 11.20-க்குப் போனேன். "சீட்டு 11 மணியோட முடிஞ்சிருச்சு, நாளைக்கு வாங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். மறுநாள் போனேனா? ஒன்பது நாள் ஆனது மறுபடி கிளம்ப. மற்றவர்களுக்கு அது ஓர் அலைச்சல், என் நிலைமையில் இருப்பவர்கள் அதோடு வராமலே போய்விடலாம். அதனால் கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காலை எட்டரைக்கே போய் நில்லுங்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா, மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்க ஒன்பது கேள்வி கேட்டார். 27-க்கு 17 வந்தது, எண் கூடினால் சோர்வும் கூட என்று அர்த்தம். (கடைசிக் கேள்வி, செத்துவிடலாம் போலத் தோன்றுகிறதா என்பது. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.) தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. செர்ட்ராலின் 50 எழுதினார். அதே சீட்டில் மாத்திரைக்குக் கீழே, மாத்திரை மாதிரியே எழுதினார்: நடை, 10 நிமிடம், மாலை 5.30, வாரம் ஐந்து நாள், துணையோடு. "காலைல போகணும்னாங்களே?" என்றேன். "உங்களுக்குக் காலைலதானே ரொம்ப மோசமா இருக்கு? அப்ப ஏன் காலைல?" என்றார். இதை அந்த 400 ரூபாய்க்காரர் கேட்டிருக்கலாம்.

துணைக்கு வந்தது என் ஓரகத்தி. "செருப்ப மட்டும் மாட்டுங்கக்கா, மத்தத அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்பாள் தினமும். நடக்கப் போனது மதுரை வண்டியூர் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். முதல் நாள் கிழக்குச் சுவரில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒரு நாள் அவித்த கடலை வாசனை வந்தது. வாசனை வந்தது என்று எழுதுவது உங்களுக்குச் சாதாரணமாக இருக்கும். இரண்டு மாதமாக எனக்கு எதிலும் வாசனையே உறைக்கவில்லை. பத்து ரூபாய்க்கு வாங்கி, பொட்டலம் காலியாகும்வரை நின்று தின்றேன். அவள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நானே கெடுத்துக்கொண்டேன். மார்கழியில் மூன்று சுற்று நடக்கிறோமே, மாத்திரை எதற்கு என்று ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் வெட்டு, கிறுகிறுப்பு, காரணமில்லாத அழுகை. அதோடு நடையும் நின்றது. நடந்த நாளுக்கெல்லாம் காலண்டரில் வட்டம் போடுவேன், அதில் பதினொரு நாள் வட்டமே இல்லை. டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். நிறுத்துவதானால் அவர்கள் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மழை பெய்தால் மாடிப்படி ஏறி இறங்குவேன். தைப்பூசத் தெப்பத்தன்று கூட்டத்தில் அரைச் சுற்றுதான் முடிந்தது, அதற்கும் வட்டம் போட்டுக்கொண்டேன். நடையோ டாக்டரோ கைகொடுக்காத ராத்திரிகளில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். நான் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன்.

போன மாதம் அதே ஒன்பது கேள்விக்கு 6 வந்தது. மாத்திரை இன்னும் ஓடுகிறது. அடுத்த சீட்டு சித்திரையில், ஓரகத்தியும் வருகிறேன் என்றிருக்கிறாள்.