மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: பட்ஜெட் விமானங்களில் கைப்பை அளவு

பட்ஜெட் விமானங்களின் போர்டிங் கேட்டில் பை அளவுக்காகப் பிடிபடுகிற எல்லாரும் பெரிய பெட்டியோடு வந்தவர்கள் இல்லை. பலருடைய பை நீளத்தில் சரியாக இருக்கும், அகலத்திலும் சரியாக இருக்கும். முன்பக்கப் பாக்கெட்டில் சார்ஜர், கண்ணாடிக்கூடு, பாதி படித்த புத்தகம் என்று திணித்ததில் தடிமன் மட்டும் மூன்று விரல் கூடியிருக்கும். 55×40×20 செ.மீ. என்று எழுதியிருந்தால் எல்லாரும் அந்த 55-ஐத்தான் அளக்கிறார்கள். மாட்டிவிடுவது 20.

முதலில் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டியது, 'கேபின் பேக்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பைகள் உலவுகின்றன என்பதை. ஒன்று முன் இருக்கைக்கு அடியில் போகிற சின்னப் பை. இன்னொன்று தலைக்கு மேலிருக்கும் லாக்கரில் போகிற ட்ராலி. ஐரோப்பிய பட்ஜெட் நிறுவனங்களில் மிக மலிவான டிக்கெட்டுக்குச் சின்னப் பை மட்டும்தான் இலவசம்; ட்ராலிக்குத் தனியாகக் காசு. ஆசிய நிறுவனங்கள் பலவற்றில் ட்ராலி இலவசம், ஆனால் 7 கிலோவைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் பையை உள்ளே இறக்கி அளவு பார்க்கும் அளவுக்கூண்டுக்குப் பயப்பட வேண்டும், ஆசியாவில் தராசுக்கு. ஒரு பக்கம் பழகியவர் மறுபக்கம் பறக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முதலில் ஐரோப்பிய நிறுவனங்கள். ரயன்ஏர் இலவசமாக விடும் பை 2025 வரை 40×25×20 செ.மீ.; அந்த ஆண்டு 40×30×20 ஆக்கினார்கள். விஸ் ஏரிலும் அதே 40×30×20, எடை 10 கிலோ வரை. ஈஸிஜெட் 45×36×20 தருகிறது, 15 கிலோ வரை. காகிதத்தில் ஐந்தாறு செ.மீ. வித்தியாசம்தான். கொள்ளளவாகப் பெருக்கினால் 40×30×20 என்பது 24 லிட்டர், ஈஸிஜெட்டின் பை 32 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இரண்டு நாள் துணி அந்த இடைவெளியில் அடங்கிவிடும். காசு கட்டி எடுத்துப்போகும் ட்ராலியிலும் இதே கதை. ரயன்ஏரில் 55×40×20, விஸ் ஏரில் 55×40×23, ஈஸிஜெட்டில் 56×45×25. ஏர்ஏஷியாவிலும் ஜெட்ஸ்டாரிலும் 56×36×23. ஸ்கூட்டில் 54×38×23. இந்த எண்கள் மாறிக்கொண்டே இருப்பவை. பழைய பட்டியலை நம்பாமல், பறக்கிற வாரத்தில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே பெட்டி வேண்டுமென்றால், ஒவ்வொரு பக்கத்திலும் சின்ன எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன ட்ராலி அளவுகளில் அப்படி எடுத்தால் 54×36×20 வரும். கடைகளில் '56×36×23' என்று விற்கும் பெட்டி ஏர்ஏஷியாவில் ராஜா, ரயன்ஏர் கூண்டில் தடிமனில் மூன்று செ.மீ. உதைக்கும்.

கூட்டுத்தொகை விதியும் ஒரு பொறி. சில நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 115 செ.மீ. என்று சொல்லும். இண்டிகோவில் அப்படித்தான்: 115 செ.மீ., 7 கிலோ. 60×35×20 பெட்டியும் கூட்டினால் 115 வரும். ஆனால் கேட்டில் நிற்கிற கூண்டு கூட்டல் போடாது. 55 செ.மீ. ஆழமுள்ள கூண்டில் 60 செ.மீ. பெட்டி தலையை நீட்டிக்கொண்டுதான் நிற்கும். கூட்டுத்தொகை, தனித்தனி அளவு இரண்டும் கொடுத்திருந்தால் தனித்தனி அளவையே நம்புங்கள்.

இவ்வளவு குழப்பத்துக்கும் ஒரு பொது அளவு வைத்தால் என்ன என்ற கேள்வி புதிதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ 2015-ல் 55×35×20 என்று ஒரு பரிந்துரையைக் கொண்டுவந்தது. அப்போது வழக்கத்தில் இருந்த பல பெட்டிகளைவிட அது சிறியதாக இருந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் ஒரு வழக்கில், கைப்பை பயணத்துக்கு அவசியமான பொருள், எடையும் அளவும் நியாயமான வரம்புக்குள் இருந்து பாதுகாப்பு விதிகளுக்கும் உட்பட்டிருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. அந்த 'நியாயமான வரம்பு' எத்தனை செ.மீ. என்று சொல்லவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் முழு வியாபாரமும் ஓடுகிறது. 2024-ல் ஸ்பெயின் அரசு கைப்பைக் கட்டணம் உள்ளிட்ட காரணங்களுக்காக ஐந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. 2025-ல் ஏ4இ என்ற ஐரோப்பிய விமான நிறுவனச் சங்கத்தின் உறுப்பினர்கள், 40×30×15 அளவுப் பையை எல்லாரும் கட்டாயம் ஏற்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதைவிடப் பெரிதாக அனுமதிப்பது அவரவர் விருப்பம். பயணிக்கு இதில் கிடைத்தது 18 லிட்டர் உத்தரவாதம்; ஒரு பள்ளிக்கூடப் பை அளவு.

டிக்கெட் எடுக்கும் கட்டத்திலேயே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். விலை ஒப்பிடும் தளங்களில் 'கேபின் பேக் உண்டு' என்று ஒரு பை படம் போட்டிருக்கும். அது சீட்டுக்கு அடியில் போகிற பையா, லாக்கரில் போகிற ட்ராலியா என்று படத்தைப் பார்த்துத் தெரியாது. ஏஜென்ட் வழியாக வாங்கியிருந்தாலும், புக்கிங் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் உங்கள் புக்கிங்கைத் திறந்து, எந்தப் பை, எத்தனை கிலோ என்று பாருங்கள். போகும்போது மட்டும் ட்ராலியைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது சேர்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிற தவறு. இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாக டிக் செய்ய வேண்டும். கட்டணம் பொதுவாக ஏணிப்படி மாதிரி ஏறும்: புக்கிங்கில் சேர்த்தால் குறைவு, பிறகு ஆன்லைனில் சேர்த்தால் கொஞ்சம் கூட, விமான நிலையக் கவுன்டரில் இன்னும் கூட, கேட்டில் உச்சம். சில நேரம் செக்-இன் பெட்டிக்குக் கட்டுவது ட்ராலிக்குக் கட்டுவதைவிட மலிவாக இருக்கும். இரண்டையும் ஒருமுறை ஒப்பிடாமல் பட்டனை அழுத்த வேண்டாம்.

தனித்தனி டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்களில் மாறிப் போகிறவர்கள், இரண்டில் எது கறாரோ அதன் அளவுக்கே பையைக் கட்ட வேண்டும். முதல் விமானத்தில் விட்டார்கள் என்பது இரண்டாவது கேட்டில் செல்லாது.

இனி அளவெடுப்பது. வெறும் பையை அளந்து பயனில்லை. பயணத்துக்குப் போகிற மாதிரியே முழுதாக நிரப்பி, எல்லா ஜிப்பையும் மூடிய பிறகு அளக்க வேண்டும். பையைச் சுவரோடு ஒட்டித் தரையில் நிறுத்துங்கள். பையின் தலையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக, தரைக்குச் சமமாக வையுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் அடிப்பக்கம் வரை டேப்பால் அளந்தால் அதுதான் உண்மையான உயரம். சக்கரமும் மேல் கைப்பிடியும் அதில் அடங்கிவிடும். பிறகு பையை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிறு எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே புத்தகத்தை வைத்து அதே மாதிரி தடிமனை அளக்க வேண்டும். துணியின் மேல் டேப்பை வளைத்து அளந்தால் கணக்கு தப்பாகும். இன்னும் உறுதி வேண்டுமானால், பழைய அட்டைப்பெட்டி ஒன்றை உள்ளளவு சரியாக 40×30×20 வருமாறு வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். பை கையால் திணிக்காமல் தன் எடையிலேயே உள்ளே இறங்கி, தூக்கினால் சிக்காமல் வெளியே வந்தால் கேட்டிலும் தப்பிக்கும்.

பெட்டி வாங்கும்போது லேபிளில் உள்ள இஞ்சை நம்புவது ஆபத்து. 20 இஞ்ச் என்றால் கிட்டத்தட்ட 51 செ.மீ. சில நிறுவனங்கள் அந்த அளவைச் சக்கரம் சேர்க்காமல் உடம்புக்கு மட்டும் சொல்கின்றன. நான்கு சக்கரப் பெட்டியில் சக்கரம் நான்கைந்து செ.மீ. சேர்க்கும், ஆக 55, 56 வந்துவிடும். 22 இஞ்ச் பெட்டி சக்கரத்தோடு 60-ஐத் தொடும், அதைப் பட்ஜெட் விமானத்துக்கு எடுத்துப் போகவே வேண்டாம். உடம்புக்குள் பாதி புதைந்த இரண்டு சக்கரம் உள்ள பெட்டிகளில் இந்த நஷ்டம் குறைவு. 'எக்ஸ்பேண்டபிள்' ஜிப் பார்ப்பதற்கு வசதி. திறந்தால் தடிமன் கூடி 20 என்பது 24, 25 ஆகிவிடும். திரும்பி வரும்போது வாங்கிய சாமான்களுக்காக அதைத் திறக்கிறவர்களைத்தான் கூண்டு அதிகம் பிடிக்கிறது.

கெட்டி ஓட்டுப் பெட்டியா, துணிப் பையா? பட்ஜெட் விமானத்துக்கு என் ஓட்டு துணிப் பேக்பேக்குக்கே. கெட்டிப் பெட்டி ஒரு செ.மீ. கூடினாலும் கூண்டில் இறங்காது, அமுக்கவும் முடியாது. அதன் உள்ளேயோ, இழுக்கும் கம்பிகள் முதுகுப்பக்கம் இரண்டு வரப்பு மாதிரி ஓடி இடத்தைத் தின்றுவிடும். எடைக்கணக்கும் அதற்கு எதிராகவே இருக்கிறது. கேபின் ட்ராலி வெறுமனே இரண்டரை முதல் மூன்றரை கிலோ இருக்கும். 7 கிலோ வரம்பில் பாதி அங்கேயே போய்விடுகிறது. நல்ல பேக்பேக் ஒரு கிலோ சுமாருக்குக் கிடைக்கும். வயதானவர்கள், முதுகுவலி உள்ளவர்கள் ட்ராலிதான் வேண்டும் என்றால், இரண்டு சக்கரத் துணி ட்ராலிகளில் இரண்டு கிலோவுக்குக் குறைவானவை இருக்கின்றன.

எடை வரம்பைப் படிக்கும்போது, அது ஒரு பைக்கா, எல்லாப் பைக்கும் சேர்த்தா என்று பார்ப்பது முக்கியம். ஏர்ஏஷியா, ஜெட்ஸ்டாரில் அடிப்படை டிக்கெட்டுக்கு 7 கிலோ என்றால் ட்ராலியும் தோள்பையும் சேர்த்துத்தான். ஸ்கூட்டில் 10 கிலோ, அதுவும் சேர்த்துத்தான். இண்டிகோவில் 7 கிலோ பைக்கு வெளியே, லேப்டாப் பை அல்லது ஹேண்ட்பேக் 3 கிலோ வரை தனி. வீட்டில் தொங்கு தராசு இல்லையென்றால் குளியலறைத் தராசில் பையோடு ஏறி நின்று, பிறகு பையில்லாமல் நின்று கழித்துக்கொள்ளலாம். அந்தத் தராசு அரைக் கிலோ அப்படி இப்படிக் காட்டும். ஆகவே 6.5-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுக்குவதில் ஒரு விஷயம் மட்டும். தடிமனைக் கூட்டுவது பெரும்பாலும் ஷூ, திரவப்பொருள் பை, சார்ஜர் மூட்டை. ஷூவை ஒன்றின்மேல் ஒன்று வைக்காமல் பையின் அடியில் தலைகீழாக அருகருகே படுக்க வைத்து, உள்ளே காலுறைகளைத் திணிக்கலாம். எது கனமோ அது முதுகுப்பக்கம். முன் பாக்கெட்டில் பாஸ்போர்ட் அளவுக்குத் தட்டையான பொருளைத் தவிர எதுவும் வேண்டாம். கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போவதை யாரும் கேட்பதில்லை. கழுத்துத் தலையணை உறைக்குள் துணி அடைத்துக் கொண்டுபோகும் தந்திரம் ஊரறிந்தது. கேட் ஊழியர்கள் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறார்கள். டூட்டி ஃப்ரீ பையைச் சில நிறுவனங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, சில சேர்க்கின்றன.

சந்தேகம் இருந்தால் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குள் போகும் முன்னே கவுன்டர் பக்கம் நிற்கும் கூண்டில் போட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அங்கேயே துணியை எடுத்து உடுத்திக்கொள்ளலாம், கூட வந்தவர் பைக்கு மாற்றலாம், கவுன்டர் விலையில் கட்டலாம். கேட் வரை போய்விட்டால் கையில் கார்டைத் தவிர வேறு வழி இருக்காது. ரயன்ஏர், பெரிய பையைப் பிடிக்கும் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தருவதை வெளிப்படையாகவே சொல்கிறது. 2025 நவம்பர் முதல் அதை ஒரு பைக்கு 1.50-லிருந்து 2.50 யூரோவாகவும் உயர்த்தியது. கண்டும் காணாமல் விடுவார்கள் என்ற நம்பிக்கையில் அங்கே வரிசையில் நிற்க வேண்டாம்.

கூண்டில் போடச் சொன்னால் சக்கரப்பக்கம் முதலில் இறங்கட்டும். புடைத்த பக்கம் கூண்டின் அகலமான பக்கத்தை நோக்கி இருக்கட்டும். அவசரத்தில் குறுக்காகத் திணித்தால் பொருந்துகிற பையும் சிக்கும். சரியாக உள்ளே இறங்கியும் ஊழியர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பை கூண்டுக்குள் இருக்கும்போதே போட்டோ எடுத்துக்கொண்டு பிறகு புகார் கொடுங்கள். வாக்குவாதத்தில் போர்டிங் மூடிவிட்டால் நஷ்டம் பெரிது.

எல்லாம் சரியாக இருந்தும் பை பறிபோகும் ஒரு நிலைமை உண்டு. விமானம் நிரம்பியிருந்தால் லாக்கரில் ஆளுக்கொரு ட்ராலி வைக்க இடம் போதாது. கடைசியில் வருபவர்களின் ட்ராலியைச் சீட்டு ஒட்டி விமானத்தின் அடிவயிற்றுச் சரக்கறைக்கு அனுப்புவார்கள். உரிமையுள்ள பை என்றால் இதற்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள். கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், உதிரி பேட்டரிகளைக் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும். லித்தியம் உதிரி பேட்டரி சரக்கறையில் போகக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. 100 வாட்-மணி (Wh) வரை கேபினில் பொதுவாகத் தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணிதான் வரும். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்த பிறகு, ஆசிய நிறுவனங்கள் சில, பவர் பேங்கை மேல் லாக்கரில்கூட வைக்க விடுவதில்லை; கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்து, லேப்டாப், வீட்டுச் சாவி, பணம் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் துணிப்பை ஒன்றை ட்ராலியின் மேல்பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. ஒட்டுகிற சீட்டில் எந்த ஊரின் குறியீடு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, துண்டுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பை விமானத்தின் வாசலில் கிடைக்குமா, லக்கேஜ் பெல்ட்டில் வருமா என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.